ஒரு மீட்டின் ஆயுள்

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மும்பையின் டிராம்பேயில் மரச்சாமான் எல்லாம் ஒரு சுற்றுப் பருத்துவிடும். கழிமுகத்திலிருந்து உப்புக் காற்று வரும். மேகம் குன்றின்மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி காயாது. அலமாரிக் கதவு சாத்த வராது. என் மனைவியின் வீணையில் பிரடைகள் துளைக்குள் இறுகிப்போய், ஸ்ருதிக்காகத் திருகினால் நகராமல் நின்று, நகர்ந்தால் ஸ்வரத்தைத் தாண்டிப் போய்விடும். வெட்டி எத்தனை வருஷமானாலும் மரம் ஈரம் குடிப்பதை நிறுத்துவதில்லை.

ஈரம் குடித்த மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வீங்காது. நார் ஓடும் வாக்கில் அது அநேகமாக நீளாது, குறுக்குவாக்கில்தான் அகலும். தச்சருக்கு இது பாலபாடம். கிதார் செய்கிறவருக்கு இது ஆயுள் முழுக்கத் தீராத கவலை. கிதாரின் மேற்பலகையில் நார் கழுத்திலிருந்து அடிவரை ஓடுகிறது. பலகையின் உட்புறத்தில் அதைத் தாங்கக் குறுக்கே ஒட்டிய சட்டத்தில் நார் இடமிருந்து வலமாக ஓடுகிறது. மழையில் பலகை அகலப் பார்க்கும், சட்டம் விடாது. பலகை மேல்நோக்கிப் புடைக்கும். மார்கழி, தை மாத வறட்சியில் பலகை சுருங்கப் பார்க்கும், அப்போதும் சட்டம் விடாது. பலகை உள்வாங்கும், தாங்க முடியாவிட்டால் நாரோடு விரிசல் விடும். வெளியே பார்த்தால் பளபளப்பான வார்னிஷ். உள்ளே வருஷம் முழுக்க ஒரு மல்லுக்கட்டு.

இதை நான் கண்ணால் பார்த்தது எதிர்வீட்டுப் பையனின் கிதாரில்.

*

அவன் கல்லூரியில் படிக்கிறான். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார்க்காரரின் பெயரை எங்கேயோ கேட்டு, அந்த இசையிலேயே விழுந்துவிட்டவன். அவனிடம் இருப்பது பழைய பிரெஞ்சு செல்மர் கிதாரின் அச்சில் செய்த ஒன்று. சாதாரண கிதாரில் வட்டத் துளை இருக்கும் இடத்தில் இதற்கு ஆங்கில ‘டி’ எழுத்தைப் படுக்கப்போட்டது போல அகலமான வாய். பல் வைத்தியர் வைத்திருப்பாரே, காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, அதை அந்த வாய்க்குள் விட்டு, மொபைல் டார்ச்சைப் பிடித்து, “மாமா, நீங்களே பாருங்களேன்” என்றான்.

பார்த்தேன். ஸ்ப்ரூஸ் பலகையின் அடிப்பக்கம், வார்னிஷ் படாத வெளிர் மரம். அதில் குறுக்குச் சட்டங்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று, ஏணிப்படி வரிசையில். ஒவ்வொரு சட்டமும் நடுவில் உயரமாக இருந்து ஓரத்துக்குப் போகப் போக உளியால் சீவித் தேய்ந்திருந்தது. ஓரத்தில் அது காகிதத்தின் கனத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு சட்டத்தின் பக்கவாட்டில் பசை வழிந்து உறைந்த சொட்டு. துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். நான் அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விரல் நுனியால் மேற்பலகையைத் தட்டினான். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் தட்டியபோது கணீரென்றும், சட்டம் ஓடும் இடத்தில் தட்டியபோது அடைபட்டும் கேட்டது. உள்ளே கை விடாமலே எந்தச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டியே சொல்லிவிடலாம்.

குதிரைக்குச் சற்றுப் பின்னால் பலகையில் ஒரு மடிப்பு இருக்கிறது. சூடு காட்டிக் குறுக்கே மெல்ல வளைத்திருக்கிறார்கள். தட்டையான பலகை தாங்காத பாரத்தை வளைந்த பலகை தாங்கும் என்பதால், வளைவு கொடுத்துவிட்டு மரத்தைக் குறைத்திருக்கிறார்கள். பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். அதன்மேல் இரும்புத் தந்திகள் ஆறு.

*

இந்த கிதாரை முதலில் வரைந்தவர் மாரியோ மக்காஃபெர்ரி. இத்தாலியர். கச்சேரி மேடையில் கிதார் வாசித்தவர், பட்டறையில் கிதார் செய்யவும் பயின்றவர். சாக்ஸபோனுக்கும் கிளாரினெட்டுக்கும் பேர்போன பாரிஸின் செல்மர் நிறுவனம் 1932-ல் அவருடைய கிதார்களைச் செய்ய ஆரம்பித்தது. அடுத்த வருஷமே அவர் விலகிவிட்டார். கிதார் மட்டும் அவரில்லாமல் மாறிக்கொண்டே 1952 வரை வந்தது. இருபது வருஷத்தில் செய்தவை மொத்தம் ஆயிரத்தைத் தொடவில்லை.

மக்காஃபெர்ரி முதலில் செய்தவற்றில் ஓர் அதிசயம் உண்டு. பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. கிதாரின் முதுகு வாசிப்பவரின் வயிற்றில் அழுந்துகிறதல்லவா, அங்கே ஒலி மங்கிப்போகிறது. அதனால் உடலில் படாமல் உள்ளேயே மிதக்கும்படி மரத்தில் இரண்டாவது கூடு ஒன்றைப் பொருத்தினார். அந்தப் பெரிய வாய் இருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. நினைத்துப் பார்க்க அழகான யோசனை. நடைமுறையில் கூடு இளகி, சில ஸ்வரங்களில் கடகடவென்று அதிர்ந்தது. வாசித்தவர்கள் பலர் கழற்றி எறிந்தார்கள், செல்மரும் பிறகு கைவிட்டது. உள்ளே ஒன்றைக் கூட்டுவதைவிட ஏற்கெனவே இருப்பதைக் குறைப்பது கடினம், பலன் தருவதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூடு போன பிறகும் கிதாரின் குரல் போகவில்லை. குரல் அந்த மெல்லிய பலகையிலும் ஏணிச் சட்டங்களிலும் இருந்தது.

பின்னாளில் வாய் சிறுத்து நீள்வட்டமானது. வாய் சிறுத்தால் பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் சொந்த ஸ்வரம் கீழே இறங்கும். கழுத்து நீண்டது, தந்தியின் அதிரும் நீளம் 670 மில்லிமீட்டர் ஆனது, இழுவிசை கூடியது. பெரிய வாய் கிதாரைத் தாளத்துக்கும், சிறிய வாய் கிதாரை முன்னின்று வாசிக்கவும் எடுப்பது அந்த மரபில் வழக்கமாயிற்று. ஜாங்கோ தன் கடைசிக் காலத்தில் வாசித்த 503-ஆம் எண் செல்மர் சிறிய வாய்க்காரன். இப்போது அது பாரிஸின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பக்கப் பலகையும் முதுகும் ஒட்டுப்பலகை. அந்தக் காலத்து மலிவு வேலை என்று இதைச் சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிதார் கட்டினார். குரல் எங்கே பிறக்கிறது என்று காட்டத்தான் அது. செல்மரின் ஒட்டுப்பலகை விறைப்பாக நின்று, அதிர்வை மேற்பலகைக்கே விட்டுவிடுகிறது. அந்த ஒட்டுப்பலகையின் மேல்தோலாகப் பலவற்றில் போட்டது இந்திய ஈட்டி மரம். ஜாங்கோ மனூஷ் ரோமா இனத்தவர். ரோமாக்களின் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்று அவர்கள் மொழி காட்டுகிறது. அதை வைத்து ராகத்துக்கும் அவர் வாசிப்புக்கும் சொந்தம் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஈட்டி மரம் வந்த வழி மட்டும் தெளிவாக இருக்கிறது.

*

பையன் ஒரு கோர்வையை அடித்துக் காட்டினான். ‘லா போம்ப்’ என்கிறார்கள். சக், சக் என்று வெட்டும் தாள அடி. ஜாங்கோவும் வயலின்காரர் ஸ்தெஃபான் க்ராப்பெல்லியும் 1934-ல் சேர்ந்து அமைத்த ஐவர் குழுவில் மேளம் கிடையாது. மூன்று கிதார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ். இரண்டு கிதார்கள்தாம் மேளத்தின் வேலையைச் செய்தன. மைக் எட்டாத நடனக் கூடத்தில், பேச்சும் கோப்பைச் சத்தமும் காலடியும் கலந்த இடத்தில், அந்த அடி கடைசி மேசைவரை கேட்க வேண்டும். கேட்டதும் உடனே அடங்கியும் விட வேண்டும். அடங்காமல் நீண்டால் அடுத்த அடியின் விளிம்பு மழுங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரியத் தொடங்கியது. விரலோ பிளக்ட்ரமோ தந்தியை இழுத்து விடும்போது அதற்கு ஒரு தொகையைக் கொடுக்கிறது. அவ்வளவுதான் கையிருப்பு. எந்த மரத்தாலும் அதில் ஒரு காசு கூட்ட முடியாது. வயலினுக்கு வில் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது, அவை கொடுத்துக்கொண்டே இருக்கலாம். மீட்டும் வாத்தியத்துக்கு ஒரு முறைதான். அந்தத் தொகையை எவ்வளவு வேகமாகச் செலவழிப்பது என்பதை மட்டும் பெட்டியின் உள்கட்டு தீர்மானிக்கிறது. மெல்லிய பலகை, எடை குறைந்த குதிரை என்றால் தந்தியின் அதிர்வு உடனே பலகைக்கு இறங்கிக் காற்றில் பாய்கிறது: உரத்த சத்தம், குறைந்த ஆயுள். கனத்த பலகை, கனத்த குதிரை என்றால் தந்தி தன் அதிர்வைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது: அடங்கிய சத்தம், நீண்ட ஆயுள். செல்மரின் குதிரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் குடைந்திருக்கும். அந்த அளவுக்கு எடையைக் குறைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாமே முதல் நொடிக்காகச் செய்தது.

ஜாங்கோவுக்கு 1928-ல் வண்டியில் பிடித்த தீயில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கின. மீந்த இரண்டு விரல்களால் அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அவர் நீண்ட ஸ்வரத்துக்கு என்ன செய்கிறார் என்றுதான் கேட்கிறேன். தங்காத ஸ்வரத்தை அவர் தங்க வைக்கப் பார்ப்பதில்லை. விரலை அதிரவைத்து அதன் கடைசி மூச்சை எடுத்துவிடுகிறார், அல்லது அதே ஸ்வரத்தைப் பொலபொலவென்று திரும்பத் திரும்ப மீட்டுகிறார், அல்லது விட்டுவிட்டு வேறு இடத்துக்குத் தாவுகிறார். அந்த நடையில் பாதி அந்த மரத்தின் நடை.

*

வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் வீணை, பண்ருட்டிப் பலாமரம். எனக்கு வாசிக்கத் தெரியாது, தொடத் தெரியும்.

அமைப்பில் செல்மரும் வீணையும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஸ்பானிய கிதாரில் தந்தி குதிரையிலேயே முடிகிறது. அது குதிரையை முன்னே இழுத்துப் பலகையை முறுக்குகிறது. செல்மரில் தந்தி குதிரையைத் தாண்டிப் போய் அடியில் உள்ள உலோகத் தகட்டில் மாட்டிக்கொள்கிறது. வீணையிலும் தந்தி குதிரையைத் தாண்டி, லங்கர் என்ற கம்பி வழியாக, அடியில் உள்ள நாகபாசத்தில் போய் முடிகிறது. இரண்டிலும் குதிரையைத் தந்தி இழுப்பதில்லை, கீழே அழுத்துகிறது. ஒட்டவே தேவையில்லை, அழுத்தமே நிறுத்தி வைக்கும்.

அதற்கப்புறம் இரண்டும் எதிர் எதிர்த் திசையில் போகின்றன. வீணையின் குடம் முழு மரத்தைக் குடைந்தது. செல்மரின் பக்கங்களோ வளைத்து ஒட்டியவை. வீணையின் மேற்பலகையும் பலாதான், கெட்டியானது. குதிரை கனமானது, அதன் தலையில் வெண்கலத் தகடு. தகடு தட்டையில்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மேடு. ஒரு மீட்டு விழுந்ததும் ஒலி குபீரென்று வெளியே பாய்வதில்லை. தந்தியில் தங்கி, நிதானமாகக் கசிகிறது. அந்த நிதானத்துக்குள்தான் என் மனைவி மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டு, ஒன்றில் நின்று, திரும்பி வருகிறாள். மீட்டு செத்துப்போன பிறகு இழுத்தால் இழுப்பு இருக்கும், ஸ்வரம் இருக்காது. கமகம் விரலில் இருக்கிறது என்று சொல்வது பாதிதான் உண்மை. அதற்கு இடம் கொடுக்கிற அவகாசம் பலாவின் கனத்தில் இருக்கிறது.

சி.வி. ராமன் 1921-ல் கல்கத்தாவில் வெளியிட்ட கட்டுரை ஒன்று வீணையையும் தம்பூராவையும் பற்றியது. தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேற்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பிய வாத்தியங்களில் கண்ட விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை கேட்டன, அதுவும் பலமாக. காரணம் அந்த மேடிட்ட குதிரை. தந்தி ஒரே புள்ளியில் முடியாமல், அந்த மேட்டைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. ஒவ்வொரு தொடுதலும் அதிர்வை மேற்சுரங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. அதே 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து எழுந்த கேள்வி அவரை நோபல் பரிசு வரை கொண்டுபோனது ஊருக்கே தெரியும். வீணைக் கட்டுரையைச் சொல்வோர் குறைவு. அவர் வீட்டில் லோகசுந்தரி அம்மாள் வீணை வாசித்தவர்.

தம்பூராவில் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது மிரஜ் தம்பூரா. ஆயுதங்களுக்குச் சாணை பிடித்த ஷிகல்கர் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாத்தியத் தொழிலுக்கு வந்தார்கள். உள்ளே சட்டமே கிடையாது, சுரைக்குடுக்கையின் வளைவே சட்டம். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூலை நுழைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே நூலை முன்னே தள்ளுவேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஊமையான தந்தி. இன்னும் ஒரு நெல் முனை அளவு. சட்டென்று ஒலி மலர்ந்து, மேலிருந்து கீழாக மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் போய்விடும். பருத்தி நூல் ஓர் இழை.

*

டிராம்பேயில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ராஜா ராமண்ணா நினைவுக்கு வருகிறார். 1972 முதல் 1978 வரையிலும் பிறகு 1981 முதல் 1983 வரையிலும் இங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். சிறுவயதிலிருந்து பியானோ பயின்றவர், மேடையிலும் வாசித்தவர். ராக முறையிலும் மேற்கத்திய முறையிலும் இசையின் கட்டமைப்பு பற்றி 1993-ல் ஒரு நூலே எழுதினார். பியானோவிலும் சுத்தியல் தந்தியை அடித்த கணத்திலிருந்து ஸ்வரம் சாகத் தொடங்குகிறது. வாசிப்பவர் அதை வளைக்க முடியாது. காத்திருக்கலாம், அல்லது நிறுத்தலாம். அப்படிப்பட்ட வாத்தியத்தில் பழகிய விரல், ராகத்தைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வளையாத ஸ்வரம் என்றால் குறைபட்ட ஸ்வரம்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். மரப்பெட்டி மாண்டலின் செல்மரைவிடவும் சீக்கிரம் செலவழிக்கும் வாத்தியம். இரட்டைத் தந்திகள் வேறு, இழுத்து வளைக்க முடியாது. அவர் மின் மாண்டலினை எடுத்து, தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாக வைத்துக்கொண்டார். பெட்டியே இல்லாத கட்டை மரம், தந்தியிடமிருந்து ஏறக்குறைய எதையும் வாங்காது. சத்தத்தை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும். தந்தி தன் தொகையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அதில் அவருக்குக் கமகம் கிடைத்தது. 1983-ல், சிறுவனாக, அவர் வாசித்துப் பாராட்டு வாங்கியது பெர்லின் ஜாஸ் விழாவில். வாத்தியத்தின் உள்ளை முழுக்க எடுத்துவிட்டுக் கமகத்தைக் கொண்டுவந்தவர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

அப்படி எடுத்துவிட்டதில் போனதும் ஒன்று உண்டு. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் வீணைக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தால், ஒலிபெருக்கியில் வருவதற்கு அடியில், குடத்திலிருந்து நேரே வருவது கொஞ்சம் கேட்கும். விரல் மெட்டில் உரசுவது, மெழுகில் பதிந்த மெட்டின் தடிப்பு, பலாவின் அடிக்குரல். இப்போது குடத்திலேயே மைக்கை ஒட்டிவிடுகிறார்கள். சத்தம் கூடுகிறது. குடத்தின் வேலையைக் குடத்திடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி எனக்கு வருத்தமாக இருக்கிறது. தம்பூராவுக்குப் பதில் ஸ்ருதிப்பெட்டி, பெட்டிக்குப் பதில் மொபைல் என்று வந்த பிறகு, சட்டமும் சுரையும் நூலும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, நூலைத் தள்ளிக் காட்டுவதைத் தவிர வேறு பதில் தெரியவில்லை.

*

பையன் கேட்டது இதுதான்: “மாமா, இந்த கிதாரில் நம்ம பாட்டு வாசிக்க முடியுமா?” முதலில் சஹானா ராகத்தை முயன்றிருக்கிறான். ரிஷபத்தை இழுக்கப் போவதற்குள் ஸ்வரம் முடிந்துவிடுகிறதாம். முடியத்தான் செய்யும். அந்த ஏணிச் சட்டங்கள் அதற்காக ஒட்டியவை அல்ல.

பலகையைக் கனமாக்கி, குதிரையின் எடையைக் கூட்டி, ஆயுளை நீட்டித் தருமாறு பட்டறையில் கேட்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் செல்மரும் இருக்காது, வீணையும் வராது. அந்த மரம் எதைச் சொல்லத் தெரிந்ததோ அதை எடுப்போம். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியம் கேட்டு அமைத்த நோட்டு ஸ்வரங்கள் இருக்கின்றன. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகமில்லாமல் நேர் நேராக நடப்பவை. அவற்றுக்கு நீண்ட ஆயுள் வேண்டியதில்லை. மதுரை மணி ஐயர் பாடிப் பாடி ஊரெல்லாம் பரப்பிய இங்கிலீஷ் நோட்டு இருக்கிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகலம் இருக்கிறது. ஸ்வரம் ஸ்வரமாகத் தாவி ஏறும் ராகம், எதிலும் தங்காது. ‘ரகுவம்ஸ சுதா’வின் சிட்டை ஸ்வரத்தை அந்தப் பலகை கணீரென்று வெட்டி வெட்டிப் போடும் என்று எனக்குக் கேட்பதற்கு முன்பே கேட்டது.

இந்த வாரம் நோட்டு ஸ்வரத்தில் தொடங்கியிருக்கிறான். மழைக்கு மேற்பலகை புடைத்து, தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. குதிரையின் அடியைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, தையில் பலகை இறங்கிவிடும் என்பதால், மழைக்காலத்துக்கென்று தனியாகத் தாழ்ந்த குதிரை ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒட்டாத குதிரைதானே, மாற்றிக்கொள்ளலாம். சஹானாவுக்கு அவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வருகிறான், என் மனைவியிடம் வீணையில்.